கரிசலில் பூட்டிக் கிடக்கும் செல்வம்

(திருத்தங்கலில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரை வழங்குவது மரபு. நாமோ வாழ்த்தைச் சுருக்கிக்கொண்டு, நம் காலடி மண்ணைப் பற்றியும், அம்மண்ணில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சில உயிர்களைப் பற்றியும் பேச இசைவு பெற்றிருக்கின்றோம். கல்விச் சங்கத்தின் விழாவில் உரத்தையும் எருவையும் பற்றிப் பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். அப்படி எண்ணுவோர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சே என்பது முடிவில் விளங்கும்.

தீப்பெட்டியிலிருந்து தொடங்குவோம்

திருத்தங்கலில் நின்று பேசுகின்றவர்கள் தீப்பெட்டியிலிருந்து தொடங்குவதே பொருத்தம். இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களில் பலர் சிறு வயதில் தீப்பெட்டி ஒட்டியவர்கள், குச்சி அடுக்கியவர்கள். பெட்டியின் இரு பக்கங்களிலும் செம்பழுப்பு நிறத்தில் ஒரு மருந்து பூசியிருப்பதை நாம் அனைவரும் அறிவோம். அதில் உள்ள முதன்மையான பொருள் சிவப்புப் பாஸ்பரஸ். பொட்டு வெடியிலும் சுருள் கேப்பிலும் இருப்பதும் அதுவே.

இந்தப் பாஸ்பரசை மனிதன் கண்டுபிடித்த கதை விந்தையானது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் ஹென்னிக் பிராண்ட் என்பவர், 1669-ஆம் ஆண்டில், தங்கம் செய்யும் ஆசையால் மனிதச் சிறுநீரைப் பெருமளவில் காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்தார். தங்கம் வரவில்லை. இருட்டில் தானாக ஒளிரும் ஒரு பொருள் வந்தது. 'ஒளியைத் தாங்குவது' என்னும் பொருள்படக் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பாஸ்பரஸ் என்று பெயரிட்டார்கள். மனிதன் கழித்துவிடும் நீரில் அது எப்படி வந்தது? அவன் உண்ட சோற்றிலிருந்து வந்தது. சோற்றுக்குப் பயிரிலிருந்து வந்தது. பயிருக்கு மண்ணிலிருந்து வந்தது. இந்தச் சங்கிலியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம்.

தீக்குச்சிக்கு முதலில் பயன்பட்டது வெள்ளைப் பாஸ்பரஸ். அது கொடிய நஞ்சு. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளரின் தாடை எலும்பு அழுகி விழுந்தது. 1888-இல் இலண்டன் மாநகரில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 1906-இல் பெர்ன் நகர உடன்படிக்கை வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியை விலக்கியது. 1913-இல் இந்தியாவிலும் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது. வியன்னாவில் ஷ்ரோட்டர் என்னும் அறிஞர் 1845-இல் கண்ட சிவப்புப் பாஸ்பரசே பின்னர் நிலைபெற்றது. 1922-இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியபோது அந்தப் பொருள் நம் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தது.

ஏன் இந்தத் தொழில் இங்கே வேரூன்றியது? மழை குறைவு, காற்று வறட்சி, மானாவாரி நிலம் வயிற்றுக்குப் போதவில்லை. நிலம் கைவிட்டபோது மக்கள் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போனார்கள். நம் மக்களும் போனார்கள். நிலத்தில் விளையாததற்கு மழை ஒரு காரணம். மற்றொரு காரணம், தீப்பெட்டியின் பக்கத்தில் நாம் பூசிய அதே தனிமம், வேறொரு வடிவத்தில், நம் வயலில் பயிருக்கு எட்டாமல் கிடந்தது. ஒரு கையில் அதைப் பூசினோம்; மறு கையில் அதன் பசியால் வாடிய பயிரைப் பிடித்திருந்தோம். இரண்டும் ஒன்றே என்று நமக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

ஓர் எச்சரிக்கை. தனிமம் ஒன்றே ஆயினும், தீப்பெட்டி மருந்தும் பட்டாசுக் கழிவும் உரம் ஆகா. அவற்றை வயலில் கொட்டுவது நிலத்துக்கும் உயிருக்கும் கேடு. பயிர் உண்பது பாஸ்பேட் என்னும் உப்பு வடிவத்தையே. அதனை வேளாண்மைத் துறையார் மணிச்சத்து என்பர். நாமும் இனி அப்படியே சொல்வோம்.

மணிச்சத்து செய்யும் பணி

பயிருக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்னும் மூன்றும் பேரளவில் வேண்டும். தழைச்சத்து இலையைத் தழைக்கச் செய்கின்றது. மணிச்சத்து வேரை ஓடச் செய்கின்றது. பூவையும் மணியையும் உரிய காலத்தில் பிடிக்கச் செய்கின்றது. இலை வெயிலில் சேர்த்த ஆற்றலை உடலெங்கும் கொண்டுசெல்லும் பொருள்களிலும், தலைமுறைக்குத் தலைமுறை குணத்தைக் கடத்தும் மரபுப் பொருளிலும் மணிச்சத்து கலந்திருக்கின்றது. அது குன்றிய பயிர் குட்டையாக நிற்கும். இளம் மக்காச்சோளத்தின் இலையோரத்தில் ஊதா நிறம் ஏறும். வேர் சுருங்கும். பருவம் தள்ளிப் பூக்கும். நம் மானாவாரி நிலத்தில் பருவம் தள்ளிப் பூப்பது என்றால், மழை நின்ற பிறகு பூப்பது என்று பொருள். அதன் முடிவை நாம் சொல்லவேண்டியதில்லை.

மணிச்சத்தின் மற்றொரு குணத்தையும் அறிய வேண்டும். தழைச்சத்து மண்ணின் ஈரத்தோடு நடந்து வேரைத் தேடி வரும். மணிச்சத்து அப்படி வராது. இட்ட இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் நகர்வதே அதற்குப் பெரும்பாடு. வேர்தான் அதனைத் தேடிச் செல்ல வேண்டும்.

பூட்டு எங்கே இருக்கின்றது?

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கரின் மேல்மண், அரையடி ஆழத்திற்கு, ஏறக்குறைய 9 லட்சம் கிலோ எடை உள்ளது. அதில் நூற்றுக்கு 0.05 பங்கு மணிச்சத்து இருப்பதாகக் கொள்வோம். இது பொதுவாகக் காணக்கூடிய அளவே. 9 லட்சத்தில் அந்தப் பங்கு 450 கிலோ ஆகின்றது. ஒரு பருவத்துப் பயிர் எடுப்பது சில கிலோ மட்டுமே. ஆக, ஏக்கருக்கு 450 கிலோ செல்வம் காலடியில் கிடக்க, சில கிலோவுக்காக நாம் கடன் வாங்கி மூட்டை தூக்குகின்றோம்.

ஏன்? மண்ணில் இருப்பது அனைத்தும் பயிருக்கு எட்டுவதில்லை. ஒரு நேரத்தில் மண் ஈரத்தில் கரைந்து வேருக்குத் தயாராக இருப்பது, முழு ஏக்கருக்கும் ஒரு கிலோவைக்கூட எட்டாது. எஞ்சியது பூட்டப்பட்டுக் கிடக்கின்றது. செம்மண் நிலத்தில் இரும்பும் அலுமினியமும் பூட்டுகின்றன. நம் கரிசலில் பூட்டுவது சுண்ணாம்பு. உழும்போது வெண்ணிறச் சுண்ணாம்புக் கட்டிகள் மேலே வருவதைக் கண்டிருப்பீர்கள். அந்தச் சுண்ணாம்பு மணிச்சத்தோடு கூடிக் கால்சியம் பாஸ்பேட் என்னும் கரையாத பொருளாகி இறுகிவிடுகின்றது.

மூட்டை வாங்கி இட்டாலும் இதே கதிதான். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 46 விழுக்காடு மணிச்சத்து என்று அச்சிட்டிருப்பார்கள். அது ஆக்சைடுக் கணக்கு. தனிமமாகக் கணக்கிட்டால் மூட்டைக்கு 10 கிலோ. இட்ட பருவத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரையே. அதாவது 10 கிலோவில் ஒன்றோ, இரண்டரையோ. மிச்சம் மெல்ல மெல்லச் சுண்ணாம்போடு சேர்ந்து உறங்கிவிடும். பின்வரும் ஆண்டுகளில் அதில் ஒரு பகுதி கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் வாங்கிய கடனுக்கு வட்டி அதுவரை உறங்குவதில்லையே!

2022-க்குப் பிறகு இந்த மூட்டையின் விலை 1350 ரூபாய். அரசின் மானியம் கழித்த பிறகும் இந்த விலை. மூலப்பொருளாகிய பாஸ்பேட் பாறையில் பெரும்பகுதியை நம் நாடு வெளிநாட்டிலிருந்தே வாங்குகின்றது. இராஜஸ்தானத்தில் உதயப்பூர் அருகே ஜாமர்கோட்ராவில் 1968-இல் கண்ட பாறை நம் தேவைக்குப் போதாது. உலகில் கண்டறிந்த பாஸ்பேட் இருப்பில் ஏறக்குறைய 70 விழுக்காடு மொராக்கோவின் பிடியில் இருக்கின்றது. எங்கோ ஒரு நாட்டில் விலை ஏறினால் விருதுநகர் மாவட்டத்துக் குத்தகைதாரரின் கழுத்தில் சுருக்கு விழுகின்றது.

ஆகவே நம் நிலத்தின் குறை, மணிச்சத்து இல்லாமை என்பதைவிட எட்டாமை என்பதே சரி. நோய் எது என்று தெளிந்தால்தான் மருந்து தெளியும்.

திறக்கும் உயிர்கள்

இந்தப் பூட்டைத் திறக்கவல்ல உயிர்களை இயற்கை மண்ணிலேயே வைத்திருக்கின்றது. அவையே மணிச்சத்தைக் கரைக்கும் பாக்டீரியாக்கள். ஒரு சிட்டிகை நல்ல மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் பாசில்லஸ், சூடோமோனாஸ் முதலிய இனங்களைச் சேர்ந்த சில, இந்தத் தொழிலில் தேர்ந்தவை.

அவை செய்வது என்ன? பயிரின் வேர் தன்னிடமுள்ள சர்க்கரைப் பொருளில் ஒரு பகுதியை மண்ணில் கசியவிடுகின்றது. அதை உண்ணும் பாக்டீரியா, குளுக்கோனிக் அமிலம், சிட்ரிக் அமிலம் போன்ற மென்மையான அமிலங்களை வெளியிடுகின்றது. சிட்ரிக் அமிலம் என்பது நம் எலுமிச்சம்பழப் புளிப்புதான். சுண்ணாம்புக் கறை படிந்த பாத்திரத்தில் எலுமிச்சைச் சாறு ஊற்றினால் கறை கரைவதை நம் தாய்மார்கள் அறிவார்கள். அதே வேலைதான் வேரடியில், கண்ணுக்குத் தெரியாத அளவில் நடக்கின்றது. அமிலம் சுண்ணாம்பைப் பற்றிக்கொள்ள, மணிச்சத்து விடுபட்டு ஈரத்தில் கலந்து வேருக்குள் செல்கின்றது. வேறு சில நுண்ணுயிர்கள், எருவிலும் சருகிலும் கட்டுண்டிருக்கும் மணிச்சத்தைப் பாஸ்படேஸ் என்னும் நொதியால் வெட்டி விடுவிக்கின்றன. வேர் உணவு தருகின்றது. பாக்டீரியா பூட்டைத் திறக்கின்றது. இருவருக்கும் ஆதாயம்.

இதனைக் கண்ணால் காணும் வழி ஒன்று உண்டு. சோவியத் ஆய்வாளர் பிகோவ்ஸ்கயா 1948-இல் அந்த வழியை வகுத்தார். கண்ணாடித் தட்டில் ஊட்டக் கூழை ஊற்றி, அதில் கரையாத கால்சியம் பாஸ்பேட்டைக் கலப்பார்கள். தட்டு பால்போல் வெண்மையாகத் தோன்றும். நம் வயல் மண்ணை நீரில் கரைத்து, அந்நீரைப் பலமுறை தெளிவித்து, ஒரு துளியைத் தட்டில் பரப்பிச் சில நாள் வைத்தால், நுண்ணுயிர்கள் புள்ளி புள்ளியாகப் பெருகும். பெரும்பாலான புள்ளிகளைச் சுற்றி வெண்மை அப்படியே இருக்கும். ஒரு சில புள்ளிகளைச் சுற்றி மட்டும் வெண்மை கரைந்து, கண்ணாடிபோல் தெளிந்த வட்டம் விழும். அந்த வட்டத்தின் நடுவே இருப்பதுதான் நாம் தேடும் உயிர். நம் கல்லூரி மாணவர் எவரேனும் நம் தெருவுக்குப் பின்னால் உள்ள புஞ்சையின் மண்ணை எடுத்துச் சென்று அந்த வட்டத்தைத் தம் கண்ணால் கண்டு வந்தால், இன்று நாம் பேசும் பேச்சு முழுவதையும்விட அது சிறந்தது.

சோவியத் நாட்டில் பாசில்லஸ் மெகாதீரியம் என்னும் பாக்டீரியாவைப் பெருக்கி, 1950-களில் பாஸ்போபாக்டீரின் என்ற பெயரால் மிகப் பெரும் பரப்பில் இட்டார்கள். பிற நாட்டார் செய்து பார்த்தபோது சில வயல்களில் பயன் தெரிந்தது. சில வயல்களில் தெரியவில்லை. இந்த உண்மையை மறைக்காமல் சொல்வதே அறிவியலுக்கு அழகு. நம் நாட்டிலும் ஆய்வுகள் தொடர்ந்தன. கோவையில் 1971-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அந்தப் பாக்டீரியாவில் ஏற்ற வகையைத் தேர்ந்தெடுத்துப் பரப்பியது. பாஸ்போபாக்டீரியா என்று உழவர்கள் சொல்வது அதனையே. பழுப்பு நிலக்கரித் தூளில் கலந்து 200 கிராம் பொட்டலமாகவும், இந்நாளில் திரவமாகவும் அது கிடைக்கின்றது. பாசில்லஸ் இனத்துக்கு நம் வறண்ட பூமிக்கு ஏற்ற ஒரு சிறப்பும் உண்டு. காய்ச்சல் காலத்தில் தடித்த உறையைப் போர்த்து உறங்கிக் கிடந்து, ஈரம் பட்டதும் விழித்தெழும் வல்லமை உடையது அது.

பொட்டலத்தைக் கையாளும் முறை

உயிர் உரங்களை அரசு 2006-இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ்க் கொண்டுவந்தது. அதன்படி தூள் வடிவப் பாஸ்போபாக்டீரியாவில் ஒரு கிராமுக்கு 5 கோடிக்குக் குறையாத உயிர்கள் இருக்க வேண்டும். 200 கிராம் பொட்டலத்தில் 1000 கோடி! ஆனால் அவை உயிர்கள் என்பதை மறந்துவிட்டால் அத்தனையும் வீண். பொட்டலத்தை வெயில் காயும் திண்ணையிலோ, பூச்சிமருந்துப் புட்டியோடோ வைத்தால், வீட்டுக்கு வருவது வெறும் கரித்தூள். ஆகவே வாங்கும்போது காலாவதி நாளைப் பாருங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் படித்துச் சொல்லுங்கள். நிழலில் வைத்த கடையில் வாங்குங்கள். வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுப் பெறுவது நலம்.

விதைநேர்த்தி செய்ய, ஒரு எக்டேருக்கு வேண்டிய விதைக்கு 3 பொட்டலம், அதாவது 600 கிராம், போதும். ஆறிய அரிசிக் கஞ்சியில் அதைக் குழைத்து விதையோடு பிசறி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். பூசணக்கொல்லி மருந்தில் விதைநேர்த்தி செய்வதாயின் அதை முதலில் செய்து, ஒரு நாள் இடைவெளி விட்டு, பிறகே இதைச் செய்ய வேண்டும். நிலத்தில் இடுவதாயின் ஏக்கருக்கு 4 பொட்டலத்தை, 10 கிலோ நன்கு மக்கிய தொழு எருவோடும் 10 கிலோ மண்ணோடும் கலந்து, ஈரம் இருக்கும்போது மாலை வேளையில் தூவலாம். இரசாயன உரத்தோடு கலந்து ஒருபோதும் இடலாகாது.

மூன்று செய்திகளை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம்.

முதலாவது, இந்தப் பாக்டீரியா மணிச்சத்தைப் படைப்பதில்லை, இருப்பதைத் திறக்கின்றது. இருப்பே தீர்ந்துபோன நிலத்தில் அது என்ன செய்யும்? எனவே மண் ஆய்வு செய்யாமல் உரத்தை நிறுத்திவிட வேண்டாம். நம் கரிசலுக்கு ஏற்ற ஆல்சன் முறை ஆய்வில், எக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு. 11 முதல் 22 வரை நடுத்தரம். 22-க்கு மேல் மிகுதி. மிகுதி என்று வந்த நிலத்தில் மீண்டும் மூட்டை வாங்கிக் கொட்டுவது பணத்தைப் புதைப்பதே ஆகும். குறைவு என்று வந்த நிலத்தில் பொட்டலத்தை மட்டும் நம்புவது பயிரைப் பட்டினி போடுவதாகும்.

இரண்டாவது, இவ்வுயிர்களுக்கும் உணவு வேண்டும். எரு காணாத மண்ணில் அவை பெருகா. ஆட்டுக் கிடை அமர்த்துவது, கண்மாய் வண்டல் அடிப்பது, தழையை மடக்கி உழுவது முதலிய நம் முன்னோர் வழக்கங்கள் இவ்வுயிர்களுக்கு விருந்து. உளுந்தும் பாசிப்பயறும் மாற்றி விதைப்பதும் மண்ணுக்கு நன்மை.

மூன்றாவது, நாம் சொல்வதை நம்ப வேண்டாம், நிறுத்துப் பாருங்கள். ஒரே புஞ்சையில் ஒரே விதை, ஒரே எரு, ஒரே நாள் விதைப்பு. நான்கு பாத்தியில் பாஸ்போபாக்டீரியா இட்டும், நான்கு பாத்தியில் இடாமலும் மாற்றி மாற்றி அமையுங்கள். அறுவடையைத் தனித்தனியே தராசில் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். மூன்று பருவம் இப்படிச் செய்தால், உங்கள் நிலத்துக்கு இது பயன்படுமா என்பதை எந்தக் கடைக்காரரும் எந்தப் பேச்சாளரும் சொல்லத் தேவையில்லை. உங்கள் நோட்டே சொல்லும். கோவில்பட்டியிலும் திருவில்லிபுத்தூரிலும் அருப்புக்கோட்டையிலும் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் நமக்குத் தொலைவல்ல. உங்கள் நோட்டோடு அங்கே சென்று கேள்வி கேளுங்கள். வெறுங்கையோடு செல்பவரைவிடக் கணக்கோடு செல்பவருக்கு விடை தெளிவாகக் கிடைக்கும்.

எலும்பும் நம் வரலாறும்

தோழர்களே! இதுவரை மண்ணின் கதை. இனி நம் கதை.

கரிசலில் பூட்டிக் கிடப்பதும் கால்சியம் பாஸ்பேட். விலங்கின் எலும்பில் இருப்பதும் கால்சியம் பாஸ்பேட் குடும்பமே. 1842-இல் இங்கிலாந்தில் லாஸ் என்பவர் எலும்பு முதலிய பாஸ்பேட் பொருள்களை அமிலத்தில் ஊறவைத்துச் சூப்பர் பாஸ்பேட் செய்யும் உரிமை பெற்றார். உரத் தொழிற்சாலை என்னும் ஒன்று உலகில் எழுந்தது அப்படித்தான். அதன் பின்னர் நம் நாட்டிலிருந்தும் எலும்பு கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குச் சென்றது.

அந்த எலும்பைப் பொறுக்கியவர் யார்? செத்த மாட்டைத் தூக்கியவர் யார்? ஊரார் தீட்டென்று விலகி நின்ற அந்த வேலை யார்மேல் சுமத்தப்பட்டது? நம் பாட்டன்மீதும் பூட்டன்மீதும் சுமத்தப்பட்டது. ஊர் மாட்டின் எலும்பைச் சுமந்ததும், ஊர்த் தொழுவத்துச் சாணத்தைச் சுமந்ததும், ஊர் வயலுக்குக் குப்பை அடித்ததும் அவர்களே. வயலுக்கு மணிச்சத்து வந்து சேர்ந்த வழியெல்லாம் நம் தலைச்சுமையாகவே இருந்தது. அவர்கள் சுமந்தது என்ன என்பதை மட்டும் அவர்களுக்கு ஒருவரும் கற்றுத்தரவில்லை. பள்ளிக்கூடத்து வாசல் அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. பொருளைத் தொட்டவன் தீண்டத்தகாதவன். அப்பொருளின் விளைச்சலை உண்டவன் உயர்ந்தவன். இந்தக் கணக்கு எந்த நூலில் நியாயம்?

1927-இல் மகாட் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியைக் கைவிடுமாறு நம் மக்களை வேண்டினார். சுமத்தப்பட்ட இழிவை உதறுவது முதற்கடன் என்று காட்டினார். ஆகவே எலும்பின் பெருமையைச் சொன்னதால், பழைய வேலைக்குத் திரும்புங்கள் என்று நாம் சொல்வதாக எவரும் எண்ணிவிடலாகாது. சுமை நமக்கு வேண்டாம். சுமந்தபோது மறுக்கப்பட்ட அறிவு வேண்டும். அதுவே நம் கோரிக்கை.

அண்ணல் அவர்கள் 1918-ஆம் ஆண்டிலேயே இந்தியாவின் சிறு நில உடைமைகளைப் பற்றி ஓர் ஆய்வுரை எழுதினார். நிலம் சிறிதா பெரிதா என்பதைப் பரப்பளவை மட்டும் கொண்டு தீர்மானிக்க இயலாது; அதில் இடப்படும் மூலதனமும் கருவியும் உழைப்பும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன என்பது அவர் காட்டிய கருத்து. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இது பொருந்தும். மண் ஆய்வுச் சீட்டும் உயிர் உரமும் கணக்கு நோட்டும் உள்ள ஓர் ஏக்கர், இவை இல்லாத இரண்டு ஏக்கருக்குச் சமமாக நிற்கக்கூடும்.

அதற்காக நிலம் வேண்டாம் என்று பொருளில்லை. செங்கல்பட்டு ஆட்சியராகப் பணியாற்றிய திரமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் பின், 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிலம் ஒதுக்க அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுவே. முதல் 10 ஆண்டுகள் யாருக்கும் மாற்றக்கூடாது. அதற்குப் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு அன்றிப் பிறர்க்கு மாற்றக்கூடாது என்பது அதன் விதி. அப்படி இருந்தும் அந்நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப் போனது. பத்திரத்தைப் படிக்க இயலாதவர் விரலில் மை தடவினார்கள், நிலம் போயிற்று. நிலத்தைக் காக்கவும் படிப்பு வேண்டும். காத்த நிலத்தில் விளைவிக்கவும் படிப்பு வேண்டும்.

இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள்

இளைஞர்களே! உங்களில் பலர் பட்டாசு ஆலைக்குச் செல்கின்றீர்கள். உழைப்பில் இழிவில்லை. எனினும் 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்ததை இந்த வட்டாரம் மறக்காது. 1996-இல் உச்ச நீதிமன்றம் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பு அளித்தது; அதற்கு முன் தீப்பெட்டி ஒட்டியே பள்ளியை இழந்த தலைமுறை இந்த அவையில் அமர்ந்திருக்கின்றது. அவர்கள் இழந்ததை நீங்கள் பெற வேண்டும். ஆலைக்குச் செல்வதானாலும் வேறு வழி இல்லாமல் செல்லாதீர்கள். பல வழிகளில் ஒன்றாக அறிந்து தேர்ந்து செல்லுங்கள்.

வேதியியல் படியுங்கள். நுண்ணுயிரியல் படியுங்கள். வேளாண்மைப் பட்டமும் பட்டயமும் பெறுங்கள். பட்டியல் வகுப்பு மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944 முதல் நடைமுறையில் உள்ளது. அதைக் கேட்டுப் பெறுவது உரிமை. உயிர் உரம் செய்யும் கூடத்துக்கு, தூய்மையாக வேலை செய்யும் கையும் கணக்காகப் பார்க்கும் கண்ணும் வேண்டும். இரண்டும் நம் பிள்ளைகளிடம் இருக்கின்றன. மருந்து நிறுத்துக் கலந்து பழகிய கை, ஒரு கிராம் பிசகினாலும் உயிர் போகும் என்று அறிந்த கை, ஆய்வுக்கூடத்துக்குப் பொருந்தாத கை என்று எவர் சொல்ல இயலும்?

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வரும் பருவத்தில் உறுப்பினர் ஒருவரின் புஞ்சையில், நாம் மேலே சொன்ன எட்டுப் பாத்திச் சோதனையைச் சங்கத்தின் பெயரால் நடத்த வேண்டும். நிலமில்லாத குடும்பத்து மாணவர்களே அளவெடுத்து எழுத வேண்டும். விதைநேர்த்தியையும் எருவிடுதலையும் காலமெல்லாம் கையால் செய்துவந்த தாய்மார்கள், சோதனைக் குழுவில் பெயரோடு இடம்பெற வேண்டும். பயன் தெரிந்தாலும் எழுதுவோம்; தெரியாவிட்டாலும் மறைக்காமல் எழுதுவோம். அந்த நோட்டு, சங்க நூலகத்தில் மற்ற நூல்களோடு வைக்கப்பட வேண்டும். நம் மக்கள் தம் மண்ணைத் தாமே ஆராய்ந்து எழுதிய முதல் நூலாக அது இருக்கட்டும்.

பெரியோர்களே! கரிசலில் செல்வம் இல்லாமல் இல்லை, பூட்டிக் கிடந்தது. நம் மக்களிடம் அறிவாற்றல் இல்லாமல் இல்லை. அதுவும் பூட்டிக் கிடந்தது. அந்தப் பூட்டை 25 ஆண்டுகளாக ஓசையின்றித் திறந்துவரும் பணியையே இந்தச் சங்கம் செய்துவருகின்றது. அடுத்த 25 ஆண்டுகளில் அப்பணி இரவுப் பாடசாலையிலிருந்து ஆய்வுக்கூடம் வரை செல்லட்டும் என்று வாழ்த்துகின்றோம்.